ஏழு குன்றுகளும் ஒரு குறிப்பேடும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லிஸ்பன் நகரத்திற்கு நான் சென்றுவந்த மூன்று நாள் பயணத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். மூன்று நாள் தங்கியவன் ஒரு நகரத்தைப் பற்றிப் பேசுவது, முன்னுரையை மட்டும் படித்துவிட்டு நூலுக்கு மதிப்புரை எழுதுவது போன்றது. ஆயினும் ஒப்புக்கொண்டேன். இந்த வட்டத்திடம் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரு செய்தி உண்டு. அதைச் சொல்லும் துணிவை எனக்குத் தந்தது அந்த நகரம். அச்செய்தியை இறுதியில் சொல்கிறேன்.

நான் ஊர் சுற்றியவன் அல்லன். முப்பது ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திப் பிழைத்தவன். ஐரோப்பாவில் பணிபுரியும் என் மகளைக் காணச் சென்றிருந்தபோது, ஊர் திரும்பும் முன் ஏதேனும் ஒரு நகரத்திற்கு அழைத்துச் செல்கிறேன் என்றாள். பாரிசா, ரோமா என்று கேட்டாள். லிஸ்பன் என்றேன். "ஏன் அப்பா லிஸ்பன்? மேடும் படிக்கட்டுமான ஊர். உங்கள் முழங்கால் தாங்குமா?" என்றாள்.

காரணம் இதுதான். தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல் சென்னையிலோ, தரங்கம்பாடியிலோ அச்சாகவில்லை. லிஸ்பன் நகரத்தில், 1554 பிப்ரவரி 11 அன்று அச்சேறியது. தமிழும் போர்த்துக்கீசியமும் கலந்த சிறிய சமயக் கையேடு அது. அச்சு மையின் உப்பைத் தின்றவன், அந்த மை முதலில் தமிழைத் தொட்ட ஊரைப் பாராமல் போகலாமா? முழங்காலைப் பொருட்படுத்தாமல் புறப்பட்டேன். 2024 ஏப்ரல் 24, 25, 26 ஆகிய மூன்று நாட்கள்.

அன்பர்களே, லிஸ்பனை ஏழு குன்றுகளின் நகரம் என்பது மரபு. வரைபடத்தில் எண்ணுவோருக்கு ஏழு, ஏறுவோருக்கு எழுபது. தேஜோ ஆறு கடலைச் சேருமுன் ஏரிபோல் அகன்று கிடக்கிறது. அதன் வடகரையில் குன்றின்மேல் குன்றாக வீடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வீட்டின் வாசல் மற்றொரு வீட்டின் கூரைக்கு மேலே இருக்கிறது. தெரு என்று நம்பி நடந்தால் படிக்கட்டில் முடிகிறது. படிக்கட்டு என்று நம்பி ஏறினால் ஒருவர் வீட்டுத் துணிக்கொடியில் முடிகிறது. நடைபாதை எங்கும் கையகலச் சுண்ணாம்புக் கற்கள். இடையிடையே கருங்கற்களால் அலையும் கொடியும் வரைந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் காலடி பட்டு அவை கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்டன. அழகைப் பார்த்தால் வழுக்குகிறது. வழுக்காமல் நடந்தால் அழகு தவறிப்போகிறது. மகள் என் கையைப் பற்றியே நடந்தாள். சிறுவயதில் அவளைப் பள்ளிக்குக் கைபிடித்து அழைத்துச் சென்றது நினைவுக்கு வந்தது.

மேட்டை வெல்ல அந்த நகரத்தார் பல வழிகளைக் கண்டிருக்கிறார்கள். 28 என்னும் எண்ணுடைய மஞ்சள் நிற டிராம் வண்டி, கை நீட்டினால் சுவரைத் தொடலாம் என்னும்படியான சந்துகளில் நெளிந்து ஏறுகிறது. செங்குத்தான சரிவுகளில், கம்பியால் இணைக்கப்பட்ட இரண்டு பெட்டிகள், ஒன்று இறங்க ஒன்று ஏறுமாறு ஓடும் இழுவை வண்டிகளை அமைத்தார்கள். லாவ்ரா சரிவில் 1884-இலும், குளோரியா சரிவில் 1885-இலும், பீக்கா சரிவில் 1892-இலும் அவை தொடங்கின. 1902-இல் சாந்தா ஜுஸ்தா என்னும் இரும்புக் கோபுர மின்தூக்கி வந்தது. குளோரியா வண்டியில் நானும் மகளும் ஏறினோம். பள்ளிப் பெஞ்சுபோன்ற மர இருக்கை. சில நிமிடப் பயணம். மறு ஆண்டு, 2025 செப்டம்பர் 3 அன்று, கம்பி விட்டுப்போய் அந்த வண்டி சரிவில் பாய்ந்து 16 பேர் உயிரிழந்தனர் என்ற செய்தியைப் படித்தபோது, மகளுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். இருவருமே நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு நகரத்தின் அழகைப் பேசுகிறவன், அங்கே பயணம் செய்து வீடு திரும்பாதவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டவன்.

நாங்கள் தங்கியது கிராசா என்னும் குன்றின்மேல், மூன்றாம் மாடியில், ஒரு மூதாட்டியின் வீட்டில். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. சுவரில் தொங்கிய ஒன்றை எடுத்து என் கையில் தந்து "ஷாவி" என்பதுபோல் ஒலித்தார். சாவி! பிறகு அறையைத் திறந்து வரிசையாகக் காட்டினார்: "ஜனேலா" என்றார், ஜன்னல், "மேசா" என்றார், மேசை, "அர்மாரியோ" என்றார், அலமாரி, "வராந்தா" என்றார், வராந்தாவேதான். நான் ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொல்ல, அவர் தம் மொழியை நான் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று மகிழ்ந்து தலையசைத்தார். அயலூரில் ஓர் அறையின் பாதிப் பொருள்களை என் தாய்மொழியிலேயே பெயர் சொல்லி அழைக்க முடிந்தது. அவை நம்மிடம் வந்த கதை இனிய கதை அன்று. பீரங்கியும் சிலுவையும் வணிகமும் ஒரே கப்பலில் வந்த காலத்தின் எச்சம். ஆனால் சொற்கள் தம்மைக் கொண்டுவந்தவர்களை மறந்துவிடுகின்றன. இன்று சாவியை அந்நியச் சொல் என்று எந்தத் தமிழன் உணர்கிறான்?

சொற்கள் திரும்பிப் பயணம் செய்ததும் உண்டு. அன்றிரவு உணவகத்தில் மகள் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவள், "அப்பா, கான்ஜா என்று போட்டிருக்கிறது" என்றாள். வரவழைத்தோம். கோழிச் சாற்றில் சோறு மிதக்கும் சூடான கஞ்சி. தென்னாட்டுக் கஞ்சியே அங்கு கான்ஜா. மாங்காய் அங்கே மாங்கா. கறி அங்கே கரீல். இவ்வளவும் கேட்டு மகிழலாம். ஆனால் அவர்கள் எடுத்துச் சென்றவற்றுள் 'பாரியா' என்னும் சொல்லும் உண்டு. பறையர் என்னும் மக்களின் பெயரை எடுத்து, 'ஒதுக்கப்பட்டவன்' என்று பொருள் தந்து, ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் அது பரவிவிட்டது. சொல்லைச் சுமந்தது அவர்கள் கப்பல். ஒதுக்கலைச் செய்தது நம் ஊர். கஞ்சியைச் சொல்லிப் பெருமைப்படும் நாக்கு இதையும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் மாலையில் கிராசா மாடத்திற்குச் சென்றோம். குன்றின் விளிம்பில் நின்று நகரத்தைப் பார்ப்பதற்கென்று அமைத்த திறந்தவெளிகளை அங்கே 'மிராதோரு' என்கிறார்கள். பார்வை மாடம் எனலாம். கிராசா மாடத்திற்குச் சோஃபியா தெ மெல்லோ பிரெய்னர் ஆந்திரேசன் என்னும் பெண் கவிஞரின் பெயரைச் சூட்டி, அவருடைய மார்பளவுச் சிலையையும் வைத்திருக்கிறார்கள். 1919-இல் பிறந்து 2004-இல் மறைந்தவர். நாம் கவிஞர்களின் பெயரைத் தெருவுக்கு வைப்போம், பேருந்து நிறுத்தத்திற்கு வைப்போம். ஒரு காட்சிக்குக் கவிஞரின் பெயரை வைத்ததை அங்கேதான் கண்டேன். அங்கிருந்து எதிரே தெரிவது புனித ஜார்ஜ் கோட்டை. சென்னைக்காரர்களுக்குப் பழகிய பெயர். ஆனால் இது 1147-இல் அபோன்சோ என்ரிக்கேஸ் மன்னர் முற்றுகையிட்டு மூர்களிடமிருந்து கைப்பற்றிய பழங்கோட்டை.

அந்த முற்றுகையை வைத்து ஜோசே சரமாகோ 1989-இல் ஒரு நாவல் வெளியிட்டார்: 'லிஸ்பன் முற்றுகையின் வரலாறு'. அதன் நாயகன் யார் தெரியுமா? ஒரு பிழைதிருத்துநர்! வரலாற்று நூல் ஒன்றின் மெய்ப்பைத் திருத்தும்போது, சிலுவைப் போர் வீரர்கள் மன்னருக்கு உதவினர் என்ற இடத்தில் 'இல்லை' என்னும் சொல்லை வேண்டுமென்றே நுழைத்துவிடுகிறான். அந்த ஒரு சொல்லால் அவன் வாழ்க்கையே மாறுகிறது. முப்பதாண்டுத் தொழிலில் எனக்கு அந்த ஆசை வந்ததுண்டா என்று கேட்காதீர்கள். சரமாகோ 2010-இல் மறைந்தார். அவருடைய சாம்பல், ஆற்றங்கரை அருகே கூர்முகப்புக் கற்கள் பதித்த பழைய மாளிகையின் முன்னால், அவர் பிறந்த சிற்றூரிலிருந்து கொண்டுவந்து நட்ட ஆலிவ் மரத்தின் அடியில் இருக்கிறது. மூன்று நாளும் அந்த மரத்தடியில் சற்றே அமர்ந்துவிட்டு வந்தேன். தொழில் உறவு.

கோட்டைக்குள் நான் தேடியது அரண்மனையை அன்று. அங்கே ஒரு கோபுரத்தில் நாட்டின் ஆவணங்கள் நூற்றாண்டுக் கணக்கில் காக்கப்பட்டன. 'தோம்பு' என்றால் பதிவேடு. தோம்புக் கோபுரம் என்பதே ஆவணக் காப்பகத்தின் பெயராயிற்று. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். காலை வேளையில் மக்கள் தேவாலயங்களில் மெழுகுவத்தி ஏற்றி வழிபட்டுக்கொண்டிருந்தபோது நிலம் நடுங்கியது. நடுக்கத்தில் தப்பியவர்கள் வெட்டவெளி நாடி ஆற்றங்கரைக்கு ஓடினர். கடல் பொங்கி ஆற்றின் வழியே வந்து அவர்களை வாரிச் சென்றது. அதிலும் தப்பியவற்றைத் தீ பற்றிக்கொண்டது. பல நாட்கள் எரிந்தது. கரையோர அரண்மனையும், அதிலிருந்த அரசரின் பெரும் நூலகமும் அழிந்தன. ஐரோப்பாவின் சிந்தனையையே அந்தக் காலை உலுக்கியது. வால்டேர் அதைக் குறித்துக் கவிதை எழுதினார். 1759-இல் வெளிவந்த 'காண்டீட்' நூலிலும் அந்த நகரம் இடிகிறது. இளைஞராயிருந்த காண்ட், நில நடுக்கத்தின் காரணத்தை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்.

கோட்டையின் ஆவணக் கோபுரமும் அன்று இடிந்து விழுந்தது. அதன் காப்பாளர் மானுவேல் தா மாயா என்னும் பொறியாளர். அப்போது அவருக்கு வயது 78. நகரம் எரிந்துகொண்டிருக்க, அந்த முதியவர் இடிபாட்டிலிருந்து ஏடுகளை மீட்டெடுக்கச் செய்து, மரக்கொட்டகை அமைத்து அவற்றைக் காத்தார். அந்த ஆவணங்கள் இன்றும் இருக்கின்றன. 1990 முதல் பல்கலைக்கழகப் பகுதியில் எழுப்பிய புதிய கட்டடத்தில் வாழ்கின்றன. இடம் மாறியும் அந்தக் காப்பகம் 'தோம்புக் கோபுரம்' என்னும் பழம்பெயரை விடவில்லை. பேரழிவுக்குப் பின், பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பெயர் பெற்ற அமைச்சர், நாட்டின் பங்குகள் தோறும் ஒரு வினாப்பட்டியலை அனுப்பினார்: எத்தனை மணிக்கு நடுங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் மாண்டனர்? பங்குக் குருமார் எழுதியனுப்பிய விடைகள் அந்தக் காப்பகத்தில் உள்ளன. நிலநடுக்கவியலாளர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

கோட்டைச் சுவரருகே நின்று மகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "எழுபத்தெட்டு வயதில் இவ்வளவு செய்திருக்கிறாரே அப்பா" என்று வியந்தாள். எனக்கு ஏனோ பேச்சு தொடரவில்லை. மேடேறிய களைப்பு என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஏப்ரல் 25. 1974-இல் அதே நாளில், ஏறத்தாழ 48 ஆண்டுக்காலச் சர்வாதிகாரத்தை இளம் படை அதிகாரிகள் வீழ்த்தினர். நள்ளிரவு கடந்து வானொலியில் ஜோசே அபோன்சோவின் ஒரு பாட்டு ஒலித்தது. அதுவே படைகள் புறப்படுவதற்கான குறிப்பு. துப்பாக்கி முனைகளில் மக்கள் சிவப்புக் கார்னேஷன் மலர்களைச் செருகினர். ஆட்சித் தலைவர் கயெத்தானோ கார்மு சதுக்கத்துப் படைமனையில் ஒளிந்திருந்து சரணடைந்தார். நாங்கள் சென்றது அந்நாளின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு. நகரமே தெருவில் இருந்தது. முதியவர், இளையவர், தோளில் குழந்தை சுமந்தவர் அனைவர் கையிலும் சிவப்பு மலர். எனக்கும் ஒருவர் ஒரு மலரைத் தந்து ஏதோ சொன்னார். பொருள் புரியாமலே நெஞ்சோடு செருகிக்கொண்டேன். அந்த ஆட்சியின் தணிக்கையாளர்கள் நீலப் பென்சிலால் அடிப்பார்களாம். 'நீலப் பென்சில்' என்றாலே தணிக்கை என்று அங்கே பொருள். ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு பிழையைத் திருத்தவும் செய்யலாம், உண்மையைக் கொல்லவும் செய்யலாம் என்பதை என் தொழிற்கருவியைப் பற்றி நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

கார்மு சதுக்கத்தின் ஓரத்தில்தான் அந்தக் கூரையற்ற தேவாலயம் நிற்கிறது. 1389-இல் தொடங்கிய மடத்தின் கோவில். 1755-இல் இடிந்தது, முழுமையாகத் திருப்பிக் கட்டவில்லை. வளைவுகள் மட்டும் மீன் முள்ளைப் போல் வானத்தில் நிற்கின்றன. பள்ளத்தில் பொம்பால் காலத்துச் செவ்வகத் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் ஒழுங்காய்க் கிடக்க, மேட்டில் இந்த இடிபாடு. நகரம் தன் காயத்தை மூடவும் செய்திருக்கிறது, ஒரு பகுதியை மூடாமல் காட்டவும் செய்திருக்கிறது.

அங்கிருந்து சில அடி தொலைவில் ஷியாதோ. கவிஞர்களின் குன்று என்று சொல்லலாம். கமோயிஷின் சிலை 1867 முதல் அங்கே நிற்கிறது. 1572-இல் 'லூசியாதாஸ்' காவியத்தை வெளியிட்டவர். கப்பல் உடைந்தபோது, ஒரு கையால் கையெழுத்துப் படியை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நீந்திக் கரை சேர்ந்தார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதையோ, நிகழ்ந்ததோ, கவிஞனைப் பற்றி ஒரு மக்கள் நினைவில் வைத்துக்கொண்ட காட்சி அது என்பதே எனக்குப் பெரிதாகப்பட்டது. அவருடைய பாடல்களை 1965-இல் ஃபாதோ இசையரசி அமாலியா ரொட்ரீகஸ் பாடி இசைத்தட்டாக வெளியிட்டபோது, பெருங்கவிஞனை மதுக்கடைப் பாட்டுக்கு இறக்கலாமா என்று சர்ச்சை எழுந்தது. நம் அரங்குகளிலும் இதே வாதத்தைக் கேட்டிருக்கிறோம் அல்லவா?

பக்கத்துக் காப்பிக் கடையின் வாசலில் ஃபெர்னாண்டோ பெசோவா வெண்கலத்தில் அமர்ந்திருக்கிறார். எதிரே ஒரு காலி நாற்காலியும் வெண்கலத்தில். 1888-இல் இதே குன்றில் பிறந்தவர். வணிகக் கடிதங்களை மொழிபெயர்த்து வாழ்ந்தவர். பல பெயர்களில், அப்பெயர் ஒவ்வொன்றுக்கும் தனி வாழ்க்கையும் தனி நடையும் வகுத்து எழுதியவர். வாழ்நாளில் போர்த்துக்கீசிய மொழியில் வெளிவந்த அவருடைய கவிதை நூல் 1934-இல் வந்த ஒன்றே. மறு ஆண்டு மறைந்தார். அவர் விட்டுச் சென்றது ஒரு பெட்டி. அதனுள் 25,000-க்கும் மேற்பட்ட தாள்கள். கடிதஉறைகளின் பின்புறத்திலும் துண்டுக் காகிதங்களிலும் எழுதியவை. அப்பெட்டியைக் குடும்பத்தார் தூக்கி எறியவில்லை. தாள்கள் தேசிய நூலகத்தை அடைந்தன. அவற்றிலிருந்து தொகுத்த 'அமைதியின்மையின் நூல்' 1982-இல், அவர் மறைந்து 47 ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. இன்று உலகம் படிக்கும் பெசோவா, அந்தப் பெட்டியைக் காத்தவர்கள் தந்த பெசோவா. காலி நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள் மகள். எனக்கு அமர மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் ஆற்றோரமாக மேற்கே பெலேம் சென்றோம். 1501-இல் கட்டத் தொடங்கிய ஜெரோனிமோஸ் மடம் அங்கே இருக்கிறது. கப்பல் கயிற்றையும் கடற்பாசியையும் கல்லில் பின்னியிருக்கிறார்கள். கோவிலின் நுழைவாயிலருகே வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் கமோயிஷின் கல்லறையும் எதிரெதிரே. பெசோவாவின் உடலையும் 1985-இல் இம்மடத்திற்குக் கொண்டுவந்தார்கள். கமோயிஷை முதலில் அடக்கம் செய்த இடம் நிலநடுக்கத்தில் குலைந்துவிட்டதால், கல்லறைக்குள் இருப்பவை அவருடைய எலும்புகள்தாமா என்பதில் ஐயம் உண்டு. கவிஞனுக்கு உடல் எதற்கு, ஏடு இருந்தால் போதும்.

அம்மடத்தின் ஒரு பகுதியில்தான் 1893-இல் நிறுவிய தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. நான் சொன்ன 1554-ஆம் ஆண்டு நூலின் பிரதியை அந்த அருங்காட்சியகத்தில் கண்டு உலகிற்கு எடுத்துரைத்தவர் நம் தனிநாயகம் அடிகள். அந்த ஏட்டின் முன் சில கணங்கள் நிற்பதற்காகவே நான் வந்தேன். கதவு மூடியிருந்தது. புதுப்பிப்புப் பணிக்காக 2022-இலேயே மூடிவிட்டார்களாம். குற்றம் முழுவதும் என்னுடையது. ஆயிரக்கணக்கான கல் தொலைவு வருகிறவன், ஒரு முறை விசாரித்திருக்க வேண்டும். "அப்பா, என்னிடம் சொல்லியிருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பேனே" என்றாள் மகள். சொல்லவில்லை, அவளுக்கு வியப்பளிக்க நினைத்தேன். மூடிய கதவருகே படியில் அமர்ந்து, படித்து அறிந்ததை மட்டும் அவளுக்குச் சொன்னேன்.

மூன்றாம் ஜோவாவோ மன்னரின் ஆணையால் அந்த நூல் அச்சாயிற்று. அச்சிட்டவர் ஜெர்மாவோ கல்யார்தே. உள்ளே சிலுவை அடையாளமும் மன்றாட்டுகளும் கட்டளைகளும். கறுப்பும் சிவப்பும் ஆகிய இரு வண்ண மை. தமிழ்ச் சொற்கள், அவற்றோடு போர்த்துக்கீசியப் பொருள். ஆனால், அன்பர்களே, அதில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. தமிழ் முழுவதும் உரோமன் எழுத்திலேயே அச்சாயிற்று. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் றகரத்துக்கும் எழுத்தில்லாத பெட்டியிலிருந்து அச்சுக்கோப்பவர் நம் மொழியைக் கோத்தார். அந்த மெய்ப்பு என் மேசைக்கு வந்திருந்தால் எதை எடுத்து எதை வைத்திருப்பேன்? தமிழ் தன் எழுத்திலேயே அச்சேற மேலும் 24 ஆண்டுகள் ஆயின. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அன்றிக் அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் வெளிவந்தது. அந்த அடிகள் தமிழுக்கு எழுதிய இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில்தான் இருக்கிறது.

1554 நூலைத் தமிழில் ஆக்கித் தந்தவர்கள் லிஸ்பனில் வாழ்ந்த மூன்று தமிழர்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் கொண்டுவந்த அடிமைகள் தெருக்களில் சுமை சுமந்த காலத்து லிஸ்பன் அது. மூவரின் பெயர்களும் நூலில் உள்ளன: வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா தா குரூஸ். பாருங்கள், அச்சேறிய முதல் தமிழ் நூலின் ஆசிரியர்கள். ஆனால் தாய் அவர்களை அழைத்த பெயர் நமக்கு வந்து சேரவில்லை. எந்தக் குன்றின் எந்தச் சந்தில் குடியிருந்தார்கள்? வழுக்கும் மேட்டில் ஏறும்போது எந்த ஊரை நினைத்தார்கள்? அவர்களுடைய ஊர் வழக்குகூட உரோமன் எழுத்தின் இடுக்கில் சிக்கி, பாதி மட்டுமே நம் செவிக்கு எட்டுகிறது. ஆயினும் ஒரு பிரதி தப்பியதனால் அந்த மூவரை நான் இன்று உங்கள் முன் பெயர் சொல்லி அழைக்கிறேன். நிலநடுக்கமும் கடலும் தீயும் கடந்து ஒரு சிறு ஏடு நிலைத்ததனால்.

மகள் அப்போது ஒரு கேள்வி கேட்டாள். "உங்கள் வட்டத்தின் நோட்டெல்லாம் பத்திரமாக இருக்கிறதா அப்பா?"

அன்பர்களே, இனி அந்தச் செய்தி.

வட்டம் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் நான் செயலாளராக இருந்தேன். அந்நாளில், கூட்டத்தில் வாசித்த கவிதைகளை அவரவர் கையாலேயே ஒரு பெரிய குறிப்பேட்டில் எழுதுவது வழக்கம். மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். பச்சை அட்டை போட்ட நீண்ட குறிப்பேடு. கைப்பேசியில் படம் எடுத்து வைக்கலாமே என்று ஓர் இளைஞர் சொன்னபோது, கையெழுத்துக்கு நிகருண்டா என்று மறுத்தவனும் நானே. பொறுப்பை ஒப்படைத்தபோது, குறிப்பேட்டைப் பிறகு தருகிறேன் என்றேன். வீடு மாறும்போது அதைப் பரணில் வைத்தேன். மூன்றாண்டுகள் கழித்து எடுத்தபோது, அட்டை இருந்தது. உள்ளே கரையான் புற்று இருந்தது. சில பக்கங்களின் ஓரம் மட்டும் எஞ்சியது.

நான் உங்களிடம் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது ஒரு சாக்கு. பத்தாண்டு மலருக்குப் பழைய கவிதைகள் வேண்டும் என்று பதிப்புக்குழு கேட்டபோது, "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அது பொய். உ.வே.சா. அவர்கள் ஓலைச்சுவடி தேடி அலைந்ததையும், சுவடிகள் செல்லுக்கு இரையானதையும் இந்த மேடையிலேயே நான் ஒரு மணி நேரம் உருக்கமாகப் பேசியிருக்கிறேன். பேசிய நாளில் அந்தக் குறிப்பேடு என் வீட்டுப் பரணில் இருந்தது. எழுபத்தெட்டு வயதில் இடிபாட்டிலிருந்து ஏடுகளை மீட்டவரின் கோட்டையில் எனக்கு ஏன் பேச்சு தொடரவில்லை என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பலருடைய கவிதைகளுக்கு வேறு படிகள் இருக்கலாம். ஆனால் ஒருவருக்கு இல்லை. கடைவீதியில் தையற்கடை வைத்திருந்த நம் அன்பரை நினைவிருக்கிறதா? எழுதியவை ஏழோ எட்டோ. எல்லாம் அந்தக் குறிப்பேட்டில். "வேறே எங்கேயும் எழுதி வைக்கலே, இதிலே இருந்தா போதும்" என்பார். நம்மிடையே இன்று அவர் இல்லை. அவருக்குக் குடும்பத்தார் காத்த பெட்டி வாய்க்கவில்லை. வாய்த்த ஒன்றை நான் காக்கவில்லை.

உங்கள் முன் மன்னிப்புக் கோருகிறேன். அதோடு மூன்று வேண்டுகோள். முதலாவது: முதல் இரண்டு ஆண்டுகளில் வாசித்த கவிதையின் படி எவரிடம் இருந்தாலும், கடிதத்தின் பின்புறத்தில் இருந்தாலும், எனக்குத் தாருங்கள். என் செலவில் நானே மெய்ப்புப் பார்த்துத் தனித் தொகுதியாக்கித் தருவேன். இரண்டாவது: இனி வட்டத்தின் ஏடுகள் ஒருவர் வீட்டில் மட்டும் இருக்கக்கூடாது. மூன்று படிகள், மூன்று இடங்கள், ஒன்று பொது நூலகத்தில். கைப்பேசியில் எடுக்கும் படமும் இருக்கட்டும். அந்த இளைஞரிடம் நான் தோற்றேன் என்று பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, அந்தத் தையற்கலைஞரைப் பற்றியது. அவர் எழுதியவற்றுள் ஒன்று பொத்தானைப் பற்றியது. அதுவும் போர்த்துகல் தந்த சொல்தான் என்று அறிந்திருந்தால் சிரித்திருப்பார். அடுத்தவர் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைத்துக் கொடுத்து, தம் சட்டைக்கு ஊசி குத்திக்கொண்டு வீடு போகும் ஒருவரைப் பற்றிய கவிதை. பொருள் எனக்கு நினைவிருக்கிறது. சொல் ஒன்றுகூட நினைவில்லை. அவர் அதை வாசித்த நாளில் இந்த அறையில் இருந்தவர்களுள் எட்டுப் பேரை இப்போதும் பார்க்கிறேன். ஓர் அடியாவது, ஒரு சொல்லாவது எவருக்கேனும் நினைவிருந்தால், கூட்டம் முடிந்து போகும்முன் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடு கொண்டுவந்திருக்கிறேன்.